கயிறு விறைக்கும் நேரம்

திருச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே தொலைவில் தெற்கே இருக்கிறது கேப் யார்க். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் வட முனை அது. அங்கே அடிக்கிற வெயிலும், காலில் ஒட்டுகிற செம்மண்ணும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. புதிதாகத் தெரிந்தது ஆளற்ற வெளிதான். கெய்ர்ன்ஸ் நகரை விட்டு வடக்கே கிளம்பினால் முனை வரை சுமார் 1,000 கிலோமீட்டர். லாரா, கோயன் என்று ஓரிரண்டு சிற்றூர்கள் வரும். மற்றபடி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும் கரையான் புற்றுகளும், யூகலிப்டஸ் காடும், சாலையின் குறுக்கே ஓடும் ஆறுகளும்தான். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி, தரைவழியே துண்டிக்கப்பட்டுவிடும்.

1887ஆம் ஆண்டில் இந்தக் காட்டின் ஊடாக முனை வரை தந்திக் கம்பி இழுத்து முடித்தார்கள். கம்பி அறுந்தால் சரிசெய்ய ஆட்கள் குதிரையில் போய்வந்த தடம் இன்றும் இருக்கிறது. அதுதான் ஓல்ட் டெலிகிராஃப் டிராக். பிரம்வெல் ஜங்ஷன் என்ற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆறுகளின் ஆழமான இடங்களைச் சுற்றிக்கொண்டு போகும் அகலமான மண்சாலை ஒன்று. தந்திக் கம்பத்தின் வழியே நேராக ஓடைகளுக்குள் இறங்கி ஏறும் பழைய தடம் இன்னொன்று. முனைக்குப் போய்ச் சேர்வது மட்டும்தான் நோக்கம் என்றால் யாரும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் வரிசை கட்டி அந்தத் தடத்தில்தான் இறங்குகின்றன. அதில் கணிசமான வண்டிகள் எங்காவது ஓரிடத்தில் சேற்றில் புதைந்து, இன்னொருவர் உதவியோடுதான் வெளியே வருகின்றன.

என்னை அழைத்துப் போனவர் பெரியப்பா மகன். குவீன்ஸ்லாந்தில் சுரங்க வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவர். கனமான பொருள் நகரும்போது எங்கே நிற்கக் கூடாது என்பது அவருக்குத் தொழிலாகவே படிந்துவிட்ட அறிவு. பிரம்வெல் ஜங்ஷனில் கூடாரம் அடித்ததும் தார்ப்பாயை விரித்து, மீட்புச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைத்தார்.

“ஊர்லயே எல்லாம் பாத்துட்டுத்தானேண்ணா கிளம்பினீங்க?”

“பாத்தேன் தம்பி. ஆனா வழியெல்லாம் குலுங்கி வந்திருக்கு. ஒண்ணோட ஒண்ணு உரசியிருக்கும். நாளைக்குச் சேத்துக்குள்ள நின்னுக்கிட்டு பாக்க முடியாது.”

நீளப் பிடி போட்ட மண்வாரி, டயருக்கு அடியில் செருகும் மேக்ஸ்ட்ராக்ஸ் பலகைகள், தோல் கையுறை, டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெஸர், மரத்தில் சுற்றும் அகலப் பட்டை, கயிறுகளை இணைக்கும் இரும்பு வளையங்களான ஷேக்கிள்கள், ஒரு கப்பி. இவை போக இரண்டு வகைக் கயிறுகள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று மாலை அண்ணன் பொறுமையாகச் சொன்னார். பயணம் முழுவதும் அதுதான் எனக்கு உதவியது.

முதலாவது வின்ச் கயிறு. வண்டியின் முன்பக்கம் பொருத்திய மின்மோட்டார் உருளையில் சுற்றியிருக்கும். முன்பெல்லாம் எஃகு வடம்தான். இப்போது பலர் டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறிவிட்டார்கள். எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும், கையைக் கிழிக்கும் பிசிறுக் கம்பி இல்லை. எஃகு வடத்தைவிட லேசானது என்பதால் அறுந்தால் அதன் வீச்சும் குறைவு. ஆனால் சூடு, வெயில், மணல் உராய்வு மூன்றும் அதற்கு ஆகாது. இரண்டாவது, ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்ற நைலான் பட்டை. சாதாரணமாக 9 மீட்டர் நீளம். இது வேண்டுமென்றே நீளும்படி நெய்யப்பட்டது. இழுக்கும் வண்டி சற்று வேகமெடுத்து முன்னே போக, பட்டை நீண்டு ஆற்றலைச் சேர்த்துக்கொண்டு, பிறகு சுருங்கும்போது புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கும். வின்ச் மெதுவாக இழுக்கிறது, ஸ்ட்ராப் சட்டென்று இழுக்கிறது. ஒன்றைக் கட்டும் முறையில் மற்றொன்றைக் கட்டக் கூடாது.

பாம் கிரீக் அந்தத் தடத்தின் முதல் ஓடை. ஜங்ஷனிலிருந்து சில கிலோமீட்டர்தான். இறங்கும் கரையில் சக்கரங்கள் தோண்டிய பள்ளங்கள் படிப்படியாகக் கீழே போகின்றன. தண்ணீர் அதிகமில்லை. சிக்கல் எதிர்க்கரையில் இருக்கிறது. செங்குத்தான களிமண் ஏற்றம். ஏறும் ஒவ்வொரு வண்டியும் ஓடைத் தண்ணீரைச் சக்கரத்தோடு மேலே கொண்டுபோய் ஊற்றுவதால், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளிலும் அந்த ஏற்றம் காய்வதேயில்லை. மேலே நிற்கும் சில மரங்களின் அடிப்பகுதியில் பட்டை தேய்ந்திருந்தது. பல வருடங்களாக வண்டிகளைத் தாங்கிய மரங்கள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

நாங்கள் போய் நின்றபோது, பின்னால் திறந்த தட்டு வைத்த யூட் வண்டி ஒன்று ஏற்றத்தின் பாதியில் அச்சு வரை புதைந்து நின்றது. இரண்டு இளைஞர்கள். வின்ச் இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து நான்கு சக்கரத்துக்கும் ஆழமான குழி தோண்டியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னே ஏறிப்போன ஒரு முதிய தம்பதி மேலே தங்கள் பழைய லேண்ட் க்ரூஸரை நிறுத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அறுபதைக் கடந்த அந்த அம்மாள் கையில் மண்வாரி இருந்தது. வந்ததும் எஞ்சினை அணைக்கச் சொன்னார். “நான் சொல்கிற வரைக்கும் யாரும் எதையும் மாட்டாதீர்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் அந்த நொடியிலிருந்து அவர் சொல்படி நடந்தார்கள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் அங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை. அம்மாள் வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் குனிந்து பார்த்தார், டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். தார்ச்சாலைக்கு அடித்த காற்று அப்படியே இருந்தது. 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கச் சொன்னார். காற்று குறைந்தால் டயர் பரந்து, மண்ணைத் தொடும் பரப்பு கூடும். அதனால் பிடிப்பு வரும், மேலும் புதைவதும் குறையும். காசு செலவில்லாத, யாருக்கும் ஆபத்தில்லாத மீட்பு வேலை இதுதான். இதைச் செய்யாமல் கயிற்றுக்குப் போகிறவர்களை அந்தப் பயணத்தில் பல இடங்களில் பார்த்தேன்.

பிறகு மண்வாரி வேலை. நானும் அண்ணனும் ஓடையைக் கடந்து போய் மாற்றி மாற்றித் தோண்டினோம். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மண்சுவரைச் சரிவாக்கினோம். வண்டியின் வயிறு உட்கார்ந்திருந்த மேட்டை அறுத்து எடுத்தோம். தோண்டும்போதே அண்ணன் கணக்குச் சொன்னார். ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடுகளில் ஒரு எளிய விதி உண்டு. சக்கரம் வரை புதைந்தால் வண்டியை நகர்த்த அதன் எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே, ஓட்டுநர் அறை வரை போய்விட்டால் மூன்று மடங்கு. ஏற்றத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும், சரிவின் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு.

“சாமான் ஏத்தின யூட்டு, மூணு டன்னுன்னு வை. சக்கர அளவு புதைஞ்சிருக்கு, அதுக்கு மூணு. மேடு இருபது டிகிரி இருக்கும், அதுக்கு ஒண்ணு. மொத்தம் நாலு டன். அந்த அம்மா வின்ச்சு பன்னண்டாயிரம் பவுண்டு.”

12,000 பவுண்டு என்றால் 5.4 டன். அப்படியானால் தாராளமாகப் போதுமே என்று எனக்குத் தோன்றியது. போதாது. வின்ச்சின் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண், உருளையில் ஒரே ஒரு சுற்றடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவிசை. மேலே அடுக்கு ஏற ஏற உருளையின் விட்டம் பெருகி, இழுவிசை குறைந்துகொண்டே வரும். முழுக்கயிறும் சுற்றியிருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கலாம். அப்போது மிஞ்சுவது சுமார் 3.6 டன். தேவை 4 டன். மோட்டார் திணறும், பேட்டரி இறங்கும், கயிறு தன் வரம்பை நோக்கி விறைக்கும், வண்டி மட்டும் நகராது. தோண்டுவதால் குறைகிற ஒவ்வொரு அங்குலமும் கயிற்றிலிருந்து இறங்குகிற சுமை. இதைப் புரிந்துகொண்ட பின் மண்வாரியை நான் வேறு மாதிரிப் பிடித்தேன்.

அம்மாள் கப்பியைக் கேட்டது அதனால்தான். வின்ச் கயிற்றை மேலேயிருந்து இறக்கிக் கொண்டுவந்து, யூட்டின் முன்பக்கம் சேஸிஸோடு போல்ட் போட்டிருந்த மீட்பு வளையத்தில் கப்பியை மாட்டி, கயிற்றை அதில் வளைத்து மறுபடி மேலே கொண்டுபோய் லேண்ட் க்ரூஸரின் சேஸிஸிலேயே கொக்கியை மாட்டினார்கள். இப்போது இரண்டு இழைகள் சேர்ந்து இழுக்கின்றன. உராய்வில் போவது போக, விசை ஏறக்குறைய இரட்டிப்பு, வேகம் பாதி. கயிறு அதிகம் வெளியே வந்திருப்பதால் உருளையில் அடுக்கும் குறைந்து, மோட்டாரின் பலமும் கூடியது. ஒரு கப்பி இரண்டு வகையில் உதவியது. அதே சமயம் கப்பியையும் அதை மாட்டிய ஷேக்கிளையும் இரண்டு இழைகளின் சுமையும் சேர்ந்து அழுத்தும். அந்தச் சுமைக்கான எண் அவற்றின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் படித்துப் பார்த்த பிறகே மாட்டினார்.

இழுக்கும் வண்டி தானே கீழே இழுபட்டுவிடக் கூடாது. ஹேண்ட்பிரேக்கை நம்பி நான்கு டன் சுமையை ஏற்றக் கூடாது. லேண்ட் க்ரூஸரின் பின்புறத்தை மேலே இருந்த தடித்த மரத்தோடு கட்டினார்கள். மரத்தில் நேரடியாகக் கயிற்றையோ சங்கிலியையோ சுற்றவில்லை. உள்ளங்கையைவிட அகலமான பட்டையை வேர்ப்பக்கம் தாழ்வாகச் சுற்றி, இரு முனைகளையும் ஒரே ஷேக்கிளில் கோத்தார்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். உயரமாகக் கட்டினால் மரமே சாய்ந்து வரலாம். அடுத்த வருடமும் அந்த ஏற்றத்தில் யாரோ மாட்டிக்கொள்ளத்தான் போகிறார்கள். அவர்களுக்கு அந்த மரம் வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு மண் நிரப்பிய கனமான பையை இரண்டு இழைகளின் மேலும் படும்படி நடுவில் போட்டார் அம்மாள். கயிறு அறுந்தால் அதன் வீச்சைத் தரையை நோக்கி அழுத்த அந்த எடை. பிறகு ஆட்களை நகர்த்தினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு, பக்கவாட்டில் மரங்களுக்குப் பின்னே. நான் படம் எடுக்க நினைத்து நின்ற இடத்தைக் கைகாட்டி, “அங்கே வேண்டாம்” என்றார். கயிறு வளைந்து திரும்பும் இடத்தின் உள்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கப்பியோ ஷேக்கிளோ பிய்த்துக்கொண்டால் கயிறு நேராக முயலும்போது அந்த உள்பக்கத்தைத்தான் முழுதாக வழித்துக்கொண்டு போகும். விறைத்த கயிற்றை யாரும் தாண்டவும் கூடாது, ஒரு நொடி கூட.

ஒருவர் மட்டுமே சைகை கொடுப்பார், அது அம்மாள். கணவர் வின்ச் ரிமோட்டோடு தன் வண்டிக்குள், பானெட்டைத் தூக்கி வைத்துக் கண்ணாடிக்கு மறைப்புச் செய்துகொண்டு, எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். முழுச்சுமையில் வின்ச் 400 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும், எஞ்சின் ஓடாவிட்டால் பேட்டரி நிமிடங்களில் காலி. யூட்டில் ஓட்டுகிற பையன் மட்டும். “நிறுத்து” என்று யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும், “இழு” என்று தான் மட்டுமே சொல்வேன் என்றார் அம்மாள். இந்த ஏற்பாட்டை நான் வேறெந்த வேலையிலும் இத்தனை தெளிவாகக் கேட்டதில்லை.

கயிறு மெல்ல மண்ணை விட்டு எழுந்தது. தொய்வு முழுவதும் போனதும் கை உயர்த்தி நிறுத்தினார். எல்லா இணைப்பையும் ஷேக்கிளையும் ஒருமுறை தூரத்திலிருந்தே கண்ணால் தொட்டு வந்தார். பிறகு மறுபடி சைகை. கயிறு விறைத்த அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. யூட் முதலில் அசையவேயில்லை. பிறகு களிமண் உறிஞ்சும் சத்தத்தோடு விட்டது. பையன் லோ ரேஞ்ச் கியரில் சக்கரத்தைச் சுழலவிடாமல், வின்ச்சின் வேகத்துக்கு மட்டும் உருட்டினான். கொஞ்சம் இழுத்து நிறுத்தினார்கள், மோட்டார் ஆற விட்டார்கள், மறுபடி இழுத்தார்கள். மேலே சமதளம் வந்து, யூட்டின் பிரேக் விழுந்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிறு முழுதாகத் தொய்ந்த பிறகுதான் மரங்களுக்குப் பின்னாலிருந்தவர்களை வர அனுமதித்தார். இழுத்தது சில நிமிடங்கள். அதற்கான ஆயத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

எங்கள் வண்டி வின்ச் இல்லாமலே ஏறிவிட்டது. குழிகளை நிரப்பி வைத்திருந்தோம், டயரில் காற்றும் குறைவு.

அதற்கு வடக்கே தடம் பேரழகு. டல்ஹண்டி ஆற்றில் வெதுவெதுப்பான தெளிந்த நீர் பாறைகளின் மேல் வழிகிறது. ஈரமான ஓடைக்கரைகளில் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் தொங்குகின்றன. கன்ஷாட் கிரீக்கின் செங்குத்துக் களிமண் பள்ளங்களில் வண்டிகள் மூக்கு குத்தி இறங்குவதைப் பார்க்கவென்றே கூட்டம் கூடுகிறது. நாங்கள் அருகிலிருந்த சரிவான வழியில் இறங்கினோம், அதற்கு மேல் அங்கே எங்களுக்கு வேலையில்லை. ஓடைகளில் உப்புநீர் முதலைகள் இருப்பதால், ஆழம் பார்க்க எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்பதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு இடத்திலும் நடந்தோம்.

இன்னொரு ஓடையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீரைக் கடந்து ஏறும் கரையில் மணல். ஒரு ஸ்டேஷன் வேகன் மணலில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் போன வண்டிக்காரர் உதவ வந்தார், நல்ல மனிதர். நைலான் ஸ்ட்ராப்பின் ஒரு முனையைப் புதைந்த வண்டியின் முன் வளையத்தில் மாட்டினார். மறுமுனையைத் தன் வண்டியின் பின்னே இருந்த டோ பாலில், அதாவது டிரெய்லர் இணைக்கும் அந்த இரும்புக் குண்டில் கோத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனார். அவருடைய குழந்தைகள் பின்னிருக்கையில் முட்டி போட்டுக் கண்ணாடி வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஓடியே போனார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

டோ பால் டிரெய்லரைச் சீராக இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஸ்ட்ராப் தருகிற திடீர் இழுப்புக்கு அல்ல. மூன்று டன் வண்டி மணிக்கு வெறும் 10 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே அதில் இருக்கும் இயக்க ஆற்றல், அதே வண்டியை ஒன்றே கால் அடி உயரம் தூக்கப் போதுமானது. அது பெருமளவுக்கு அந்த ஒரு கணத்தில் பட்டைக்குள் சேர்கிறது. குண்டின் கழுத்து முறிந்தால், நீண்டிருந்த பட்டை உண்டிவில்லாக மாறி அந்த இரும்பை எதிர்வண்டியின் முன்கண்ணாடிக்குள் எறியும். எதிர்வண்டியின் பிடி முறிந்தால் இரும்பு இந்தப் பக்கம், குழந்தைகள் முகம் வைத்திருந்த பின்கண்ணாடியை நோக்கி வரும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. உதவி செய்ய வந்தவர்களும், உதவி பெற்றவர்களும் இறந்திருக்கிறார்கள்.

அண்ணன் அவரிடம் கோபமாகப் பேசவில்லை. குண்டைப் பிடித்திருந்த ஹிட்ச்சை உருவி எடுத்துவிட்டு, அந்தச் சதுரத் துளைக்குள் தன்னிடமிருந்த மீட்புக் கட்டையைச் செருகி, குறுக்கு ஊசியைப் பூட்டி, அதில் ஷேக்கிளை மாட்டினார். இரண்டு நிமிட வேலை. பிறகு குழந்தைகளை இறக்கி மரத்தடிக்கு அனுப்பினார். மீட்புக்கான ஸ்ட்ராப்புகளுக்கு ஆஸ்திரேலியாவில் கட்டாயப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. பட்டையின் மேல் தைத்திருக்கும் சீட்டில் எச்சரிக்கைகள் அச்சாகியிருக்க வேண்டும். அறுபடும் வலிமை, இரண்டு வண்டிகளில் எது எடை குறைவோ அதன் முழுச்சுமை எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அதிக வலிமை நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். மிகத் தடித்த பட்டை நீளாது. நீளாத பட்டை வண்டியின் உலோகத்தைத்தான் பிய்க்கும். ஆட்கள் பட்டையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். நனைந்த பட்டைக்கு வலிமையும் நீட்சியும் குறைவு. எல்லாம் அந்தச் சிறு சீட்டிலேயே இருக்கிறது. அந்த நல்ல மனிதர் அதை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு ஊர் நினைவு வந்தது அங்கேதான். நெல் வயலில் இறங்கிய லாரியை டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பதைத் தஞ்சைப் பக்கம் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சங்கிலியின் இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், சிறுவர்கள் சங்கிலியைத் தாண்டிக் குதிப்பார்கள், ஒருவர் அதன் மேலேயே காலை வைத்து “இன்னும் கொஞ்சம்” என்பார். கட்டியது பம்பரிலா, அச்சிலா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இப்போது நம் இளைஞர்கள் தார், ஜிம்னி வண்டிகளை எடுத்துக்கொண்டு மணலுக்கும் சேற்றுக்கும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்ட்ராப்பும் வின்ச்சும் இணையத்தில் வாங்கக் கிடைக்கின்றன. அவர்கள் வண்டியை வெளியே எடுப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் ஊர்களில் கூடுகிற கைகளின் பலத்துக்கு அசையாத வண்டி குறைவு. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் கயிற்றுக்கு இத்தனை அருகில் நிற்கிறார்களே என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

வடக்கே எலியட் அருவியில் குளித்தோம். நோலன்ஸ் புரூக்கில் தண்ணீர் பானெட் வரை வரும் என்று எதிரே வந்தவர்கள் சொன்னதும், அண்ணன் யோசிக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார். புதைந்த வண்டியை இழுக்கலாம், எஞ்சினுக்குள் தண்ணீர் குடித்த வண்டியை இழுத்தும் பயனில்லை. வந்த வழியே திரும்பிச் சுற்றுச்சாலையைப் பிடித்து, ஜார்டைன் ஆற்றைப் படகில் கடந்தோம். முனையில் பாறை மேல் நின்று கடலைப் பார்த்தோம், எல்லோரையும் போலப் படம் எடுத்துக்கொண்டோம்.

சைசியாவின் கடலோர முகாமில் குழாய்த் தண்ணீர் கிடைத்தது. மற்றவர்கள் மீன்பிடிக்கப் போன மாலையில் அண்ணன் வின்ச் கயிறு முழுவதையும் உருவி வெளியே போட்டார். ஒரு முழத்துக்கு ஒருமுறை விரலால் பிரித்து, இழைகளுக்குள் புகுந்த களிமண்ணைக் கழுவினோம். உள்ளே தங்கிய மணல் துகள் ஒவ்வொரு இழுப்பிலும் இழையை உள்ளிருந்து அறுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நிழலில் காய்ந்த பிறகு வண்டியைச் சிறு சரிவில் நிறுத்தி, கயிற்றை மரத்தில் சுற்றிய பட்டையில் மாட்டி, வண்டி தன்னைத்தானே மெதுவாக மேலே இழுத்துக்கொள்ளும்படி வின்ச்சை ஓடவிட்டார். இறுக்கத்தோடு சுற்றினால்தான் அடுத்த முறை மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்காது. நான் பக்கவாட்டில், தூரத்தில் நின்று ஒவ்வொரு சுற்றும் அடுத்ததோடு ஒட்டி விழுகிறதா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நைலான் பட்டைகளைக் கழுவிப் பார்த்தபோது, ஒன்றின் ஓரத்தில் அரை விரல் அளவு வெட்டு இருந்தது. எங்கோ கூரான கல்லில் உரசியிருக்கிறது. சாமான் கட்டவாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

“வேணாம் தம்பி. இது வண்டியில கிடந்தா என்னைக்காவது ஒருத்தன் அவசரத்துல எடுத்து மாட்டுவான்” என்றார். கத்தியை எடுத்து அதைக் கைமுழ நீளத் துண்டுகளாக அறுத்தார், தையல் போட்ட இரு கண்களையும் தனியே வெட்டினார், எல்லாவற்றையும் முகாமின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, புதியது வாங்க வேண்டிய சாமான்களின் சீட்டில் எழுதச் சொன்னார்: 9 மீட்டர், 8 டன், ஒன்று.